நெல்லையிலிருந்து சென்னைக்குப் பிள்ளைகளைக் காரில் அழைத்துச் செல்வது எப்படி

முழுப் பரீட்சை முடிந்த மறுநாள் விடியும் முன்பே பாளையங்கோட்டைத் தெருக்களில் வரிசையாகக் கார்களின் டிக்கிகள் திறந்து கிடக்கும். நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்காதவர்கள், கிடைத்தும் மூட்டை முடிச்சுகளோடு எழும்பூரில் இறங்கி அலைய விரும்பாதவர்கள், வழியில் இரண்டு உறவினர் வீடுகளுக்கு ஏறி இறங்க வேண்டியவர்கள் என்று பலரும் சொந்த வண்டியில் சென்னைக்குக் கிளம்புகிறார்கள். நாங்களும் அப்படிக் கிளம்புகிறவர்கள்தான். இருந்தாலும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நேர்மை: சென்னைக்குப் போய்த் திரும்புவது மட்டுமே நோக்கம், டிக்கெட்டும் கிடைத்துவிட்டது என்றால் ரயிலில் போவதே பிள்ளைகளுக்குச் சுகம். 2023 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. அதில் நடக்கலாம், கழிப்பறைக்குப் போகலாம், யாரும் வண்டி ஓட்டிக் களைக்க வேண்டியதில்லை. வயதானவர் ஒருவர் உடன் வருகிறார், கைக்குழந்தைக்கான சாமான்கள் அதிகம், வழியில் பார்க்க வேண்டிய ஊர்கள் இருக்கின்றன என்னும்போதுதான் கார் பொருந்தும்.

எங்கள் வண்டியில் ஐந்து பேர்: நானும் என் கணவரும் மாறி மாறி ஓட்டுவோம்; பின்னால் என் அம்மா (பிள்ளைகளுக்கு ஆச்சி), ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன். முதல்முறை போனபோது, திருமண வீடுகளில் மாமாமார் பெருமையாகச் சொல்லும் "ஒன்பது மணி நேரத்துல தாம்பரத்தத் தொட்டுட்டேன்லா" என்ற கணக்கை நம்பிக் கிளம்பினோம். அந்தக் கணக்கில் பிள்ளைகள் இல்லை என்பது எங்களுக்குக் கோவில்பட்டியைத் தாண்டும் முன்பே புரிந்துவிட்டது. அதன் பிறகு எங்கள் பயணங்களை நாங்கள் வேறொரு அளவுகோலால் அளக்கிறோம்: வண்டியில் இருக்கும் மிகச் சிறிய பிள்ளையின் வயிறும் சிறுநீர்ப்பையும் தூக்கமும் எவ்வளவு தூரத்தைத் தாங்குகின்றனவோ, அவ்வளவுதான் அன்றைய தூரம். கீழே சொல்லியிருப்பவை அனைத்தும் இந்த ஒன்றிலிருந்தே வருகின்றன.

இரண்டு நாளாகப் பிரியுங்கள்

நெல்லையிலிருந்து சென்னை சுமார் 620 கிலோமீட்டர். திருச்சி ஏறத்தாழ நடுவில் இருக்கிறது. நமக்கு அங்கே சுமார் 290, அங்கிருந்து சென்னைக்குச் சுமார் 330. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை வண்டியில் இருந்தால் திருச்சியில் ஓர் இரவு தங்கிவிடுங்கள் என்பதே என் உறுதியான யோசனை. செலவு கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே நாளில் போகும்போது, உளுந்தூர்பேட்டைக்கு அப்பால் பிள்ளைகள் அழத் தொடங்குவதும், ஓட்டுகிறவர் எரிச்சலில் வேகத்தைக் கூட்டுவதும், செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரை மாலை நெரிசலில் அனைவரும் வெந்துபோவதும் எங்களுக்கு ஒருமுறை போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அந்தப் பகுதியில் சென்னைக்குள் நுழைவது பெரியவர்களுக்கே பொறுமைச் சோதனை.

நள்ளிரவில் கிளம்பினால் பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வந்துவிடுவார்கள் என்று பலர் சொல்வார்கள். பிள்ளைகள் தூங்குவார்கள், சிக்கல் என்னவென்றால், அதிகாலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் ஓட்டுகிறவருடைய உடலும் தூங்கத்தான் கேட்கும். நேரான நான்குவழிச் சாலையில், ஒரே சீரான இரைச்சலில், கண் திறந்திருக்கும்போதே சில நொடிகள் மனம் உறங்கிவிடும். அந்தச் சில நொடிகளில் வண்டி நூறு மீட்டருக்கு மேல் போய்விடும். ஆகவே நாங்கள் இரவு ஒன்பது மணிக்கெல்லாம் படுத்து, நான்கு மணிக்கு எழுந்து, ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம். பிள்ளைகளைப் பயண உடையிலேயே படுக்க வைத்திருந்தால், தூக்கம் கலையாமல் தூக்கி வந்து இருக்கையில் பூட்டிவிடலாம். முதல் இரண்டு மணி நேரம் அவர்கள் உறங்கிவிடுவார்கள். கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர் எல்லாம் அவர்களுக்குத் தெரியாமலேயே கடந்துவிடும். விருதுநகரை நெருங்கும்போது ஏழு மணி ஆகியிருக்கும். காலை உணவை முடித்துக்கொண்டு கிளம்பினால், மதுரைச் சுற்றுச்சாலையை அலுவலக நேர நெரிசல் முற்றும் முன்பே கடந்துவிடலாம்.

கப்பலூரில் மட்டும் கவனம் தேவை. அங்கே திண்டுக்கல் பக்கம் போகும் நான்குவழிச் சாலையும், மதுரையைக் கிழக்கே சுற்றி உத்தங்குடிக்குப் போகும் சுற்றுச்சாலையும் பிரிகின்றன. திருச்சிக்கு மேலூர் வழியாகப் போகிறவர்கள் சுற்றுச்சாலையைப் பிடிக்க வேண்டும். பின்னிருக்கையில் சண்டை நடந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் இந்தப் பிரிவு வரும் என்பது எங்கள் அனுபவம். ஆகவே திருமங்கலம் வந்ததும் முன்னிருக்கையில் இருப்பவர் வழியை மட்டும் பார்க்க வேண்டும், பஞ்சாயத்தை ஆச்சி கவனித்துக்கொள்வார் என்று வேலையைப் பிரித்துவிட்டோம். தவறிப்போனாலும் கவலைப்பட வேண்டாம். திண்டுக்கல், மணப்பாறை வழியாகவும் திருச்சிக்குப் போகலாம். சாலையில் பின்னோக்கி வருவதோ, எதிர்த்திசையில் திரும்புவதோ மட்டும் கூடவே கூடாது.

பத்து மணியளவில் விராலிமலை. திருச்சிக்குத் தெற்கே முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் இந்தக் குன்றைச் சுற்றி மயில்கள் தாராளமாகத் திரிகின்றன. முருகன் கோயிலுக்கு ஏறாவிட்டாலும், அடிவாரத்தில் அரைமணி நேரம் பிள்ளைகளை ஓடவிட்டு, மயில் தேடச் சொன்னால் போதும். நண்பகலுக்குள் திருச்சி வந்துவிடும். வெயில் உச்சியில் இருக்கும்போது பிள்ளைகள் அறையில் தூங்குவார்கள். மாலையில் முக்கொம்போ, திருவரங்கம் பக்கத்தில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவோ, அவரவர் விருப்பம்.

எங்கே, எப்படி உட்கார வைப்பது

இதில் நான் சிறிதும் விட்டுக்கொடுப்பதில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத பிள்ளை சீட் பெல்ட்டாலோ குழந்தை இருக்கையாலோ பிணைக்கப்படாமல் இருந்தால், ஓட்டுகிறவருக்கு 1,000 ரூபாய் அபராதம் உண்டு. அபராதம் கிடக்கட்டும், மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டால் போதும் என்று நம் ஊரில் இன்னும் பரவலாக நினைக்கிறார்களே, அதுதான் எனக்குக் கவலை. நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி சட்டென்று மோதி நின்றால், பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை அந்தக் கணத்தில் பல நூறு கிலோ விசையோடு முன்னே பாயும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. தாய் பெல்ட் போடாமல் இருந்தால், அவருடைய எடையும் குழந்தையின் மேல்தான் விழும்.

ஏறத்தாழ இரண்டு வயது வரை, அல்லது அந்த இருக்கை அனுமதிக்கும் எடையும் உயரமும் நிறையும் வரை, குழந்தை வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்து அமரும் இருக்கையே நல்லது; கழுத்தெலும்பு முற்றாத வயதில் அதிர்ச்சியை முதுகு முழுவதும் வாங்கிக்கொள்ளும். அந்த இருக்கையைக் காற்றுப்பை (ஏர்பேக்) உள்ள முன்னிருக்கையில் ஒருபோதும் வைக்கக் கூடாது, ஏனெனில் காற்றுப்பை விரியும் வேகமே குழந்தையைக் கொன்றுவிடக்கூடும். அதற்குப் பிறகு முன்னோக்கிய இருக்கை. அதற்கும் பிறகு, உயரம் ஏறத்தாழ 145 சென்டிமீட்டரை எட்டும் வரை, பெல்ட் சரியாகப் படியும்படி பிள்ளையை உயர்த்தி அமர வைக்கும் பூஸ்டர் இருக்கை. பெல்ட் கழுத்தை அறுக்காமல் தோளின் நடுவிலும், வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பின் மீதும் படிகிறதா என்று பாருங்கள். புதிய கார்கள் பலவற்றில் பின்னிருக்கையின் மடிப்புக்குள், குழந்தை இருக்கையை மாட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருக்கும். விரலை விட்டுத் தடவிப் பார்த்தால் தட்டுப்படும். இருக்கையை வாங்கிக் கிளம்பும் நாளன்று மாட்டாமல், ஒரு வாரம் முன்பே மாட்டி, பள்ளிக்கும் கடைக்கும் போகும்போது பழக்கிவிடுங்கள். புதிய இருக்கையையும் புதிய ஊரையும் ஒரே நாளில் ஏற்றுக்கொள்ளும் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

பால் குடிக்கும் குழந்தை அழுதால் வண்டியை நிறுத்தித்தான் பால் கொடுக்க வேண்டும். ஓடும் வண்டியில் பெல்ட்டைக் கழற்றி எடுத்துக் கொடுக்கக் கூடாது. இந்த நிறுத்தங்களையும் நேரக் கணக்கில் சேர்த்துவிட்டால் பரபரப்பு இருக்காது.

இருக்கை அமைப்பில் வெயிலுக்கும் பங்கு உண்டு. நாம் தெற்கிலிருந்து வடக்கே போவதால் காலை வெயில் வலப்பக்கம் அடிக்கும். ஆகவே சிறிய பிள்ளையின் இருக்கை இடப்பக்கம் இருக்கட்டும். நிழலும் கிடைக்கும், இறக்கும்போது போக்குவரத்து இல்லாத பக்கமாகவும் இறக்கலாம். வலப்பக்கக் கண்ணாடிக்கு ஒரு பருத்தித் துண்டைக் கண்ணாடி இடுக்கில் கடித்துத் தொங்கவிட்டால் போதும். பின்கதவுகளில் சைல்டு லாக்கைப் போட்டுவிடுங்கள். ஜன்னல் பொத்தான்களையும் முன்னாலிருந்தே பூட்டிவிடுங்கள்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக: டயரில் காற்றைக் காலையில் டயர் சூடாகும் முன்பே, கதவோரம் ஒட்டியிருக்கும் அளவின்படி பாருங்கள். ஸ்டெப்னியிலும் காற்று இருக்க வேண்டும். ஜாக்கி, முக்கோண எச்சரிக்கைப் பலகை, டார்ச் ஆகியவை சாமான்களுக்கு அடியில் புதையாமல் கைக்கெட்டும்படி இருக்கட்டும். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முதல் நாள் இரவே பார்த்துவிடுங்கள். சாலைப்புதூரில் தொடங்கி பரனூர் வரை சுங்கச்சாவடிகள் வரிசையாக வருகின்றன. 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய் விலையில் தொடங்கிய ஆண்டு பாஸ் எடுத்தவர்களும் இருப்புத் தொகை வைத்திருக்க வேண்டும், ஏனெனில் அந்த பாஸ் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்கானது. மாநிலச் சாலைகளின் சாவடிகளில் செல்லாது.

வயிறு

என் மகனுக்கு மூன்று வயதாக இருந்தபோது, கிளம்பும் நேரத்தில் என் அம்மா ஒரு டம்ளர் நிறையப் பாலைக் காய்ச்சிக்கொண்டு வந்து, "ஏட்டி, வெறும் வயித்தோடயா பிள்ளையக் கூட்டிட்டுப் போவ?" என்று அதட்டிக் குடிக்க வைத்தார். கயத்தாற்றுக் காற்றாலைகள் தெரியத் தொடங்கிய இடத்தில் பால் முழுவதும் இருக்கையின் மேல் வந்துவிட்டது. அந்த மணம் சென்னை வரை எங்களுடனேயே வந்தது. அம்மாவைக் குறை சொல்வதற்கில்லை. வெறும் வயிறும் குமட்டலைக் கூட்டத்தான் செய்யும். பாலும் எண்ணெய்ப் பண்டமும் வயிறு முட்ட இறங்கினால்தான் தொல்லை. இப்போது எழுப்பியதும் இரண்டு வாய்த் தண்ணீர், ஒரு ரஸ்க் அல்லது பாதி வாழைப்பழம், மற்றதெல்லாம் விருதுநகரில்.

பயண வாந்தி ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் தடுப்பது எளிது. உட்செவியில் இருக்கும் சமநிலை உறுப்பு, உடல் அசைகிறது, திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்கிறது. அதே நேரத்தில் புத்தகத்தையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண், எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் வயிறு புரட்டுகிறது. இரண்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்கே இது அதிகம், கைக்குழந்தைகளுக்கு அரிது. ஆகவே தொலைவில் இருக்கும் மலையையோ பனைமரத்தையோ பார்க்கச் சொல்லுங்கள். ஜன்னலைச் சிறிது இறக்கிக் காற்று விடுங்கள். வாசனைத் திரவியக் குப்பியைக் காரிலிருந்து எடுத்துவிடுங்கள். எலுமிச்சம்பழத்தை முகர்வதும், இஞ்சி மரப்பா மிட்டாயை வாயில் அடக்கிக்கொள்வதும் சில பிள்ளைகளுக்கு உதவுகின்றன. நார்த்தங்காய் ஊறுகாயின் ஒரு துணுக்கு என் மகளுக்கு மந்திரம் போல வேலை செய்கிறது, மகனுக்கு அது பயனளிக்கவில்லை. மாத்திரை வேண்டுமென்றால் பிள்ளையின் வயதையும் எடையையும் சொல்லி மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்ததைக் கொடுக்க வேண்டாம். பயணத்தில் தூங்குவதற்காகச் சளி மருந்தைக் கொடுக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அது ஆபத்தானது, சிறு குழந்தைகளுக்கு மூச்சையே மந்தமாக்கக்கூடும்.

எத்தனை முன்னெச்சரிக்கை எடுத்தாலும் வாந்தி வரலாம். பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்தி, முகம் வெளிறி, கொட்டாவி விட்டு, உமிழ்நீரை விழுங்கிக்கொண்டிருந்தால் உங்களுக்கு ஓரிரு நிமிடம்தான் இருக்கிறது. உறுதியான பிளாஸ்டிக் பைகள், ஈரத்துணி, மாற்றுடை ஒன்று ஆகியவற்றை டிக்கியில் வைக்காமல் ஆச்சியின் காலடியில் ஒரு கூடையில் வையுங்கள். மாற்றுடை பிள்ளைக்கு மட்டும் போதாது. பக்கத்தில் இருப்பவருக்கும் வேண்டும்.

கட்டுச்சோறு என்றால் எங்களுக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டிய இட்லிதான். பிள்ளைகளுக்குக் காரம் குறைத்த பொடியைத் தனியாக இடித்துக்கொள்வேன். ஆறவிட்ட பிறகே இலையில் கட்ட வேண்டும். சுடச்சுடக் கட்டினால் வியர்த்து நசநசத்துப்போகும். புளியோதரை மாலை வரை தாங்கும். தேங்காய்ச் சட்னியும் தேங்காய்ச் சோறும் சித்திரை வெயிலில் பத்து மணிக்கே ஊசிவிடும். தயிர்ச்சோறு வேண்டுமென்றால் பாலை அதிகமாகவும் உறைமோரைச் சிறிதளவும் விட்டுப் பிசையுங்கள், உண்ணும் வேளையில் பதமாகத் தோய்ந்திருக்கும். அதையும் நண்பகலுக்குள் தீர்த்துவிட வேண்டும். கொறிக்க வறுத்த கடலை, வெள்ளரிக்காய் இருக்கட்டும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் நான்கு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு ஓடும் வண்டியில் அதையோ முழுக்கடலையையோ கொடுக்காதீர்கள், புரையேறினால் உடனே எதுவும் செய்ய முடியாது. அல்வாவைச் சென்னை உறவினருக்கென்று வாங்கியிருந்தால் பிள்ளைகள் கண்ணில் படாமல் டிக்கியில் வையுங்கள்.

தண்ணீரை வீட்டிலிருந்தே காய்ச்சி ஆற்றி ஐந்து லிட்டர் கேனில் எடுத்துக்கொள்ளுங்கள். புட்டிப்பால் கொடுப்பவர்கள் மாவையும் வெந்நீர் பிளாஸ்க்கையும் தனித்தனியே கொண்டுபோய் வேளைக்கு வேளை கலக்க வேண்டும். கலந்து இரண்டு மணி நேரம் கடந்ததைக் கொட்டிவிடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் நான்கைந்து இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்ட பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதுமாகக் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். பாதிப் பொட்டலத்தை டம்ளரில் உத்தேசமாகக் கலக்கக் கூடாது. கையில் இல்லையென்றால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும்.

உணவகத்தில் நுழைந்தால் ஆவி பறக்க வரும் இட்லி, தோசை போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெட்டி வைத்த பழமும், முன்பே ஊற்றி வைத்த சட்னியும் வேண்டாம். வழியில் ஓர் உணவகத்தில் ருசித்துச் சாப்பிட்ட குளிர்ந்த ரவா கேசரியின் விளைவை நாங்கள் மறுநாள் முழுவதும் அனுபவித்தோம்.

எங்கே நிறுத்துவது

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, யாரும் கேட்காவிட்டாலும் நிறுத்துங்கள். பதினைந்து நிமிடம் பிள்ளைகள் ஓட வேண்டும். ஓட்டுகிறவரும் நடக்க வேண்டும். நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் ஒருமுறை கழிப்பறைக்குப் போய்வர வேண்டும் என்பதை விதியாக்கிவிடுங்கள். "எனக்கு வரல" என்று சொன்ன பிள்ளைதான் சரியாகப் பத்தாவது நிமிடத்தில் நெளியும்.

இடம் என்றால் பெரிய பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடியை ஒட்டிய கழிப்பறை, கூட்டமுள்ள உணவகம் ஆகிய மூன்றுதான். நெடுஞ்சாலை ஓரத்தில் வேப்பமரம் நிழலாக இருக்கிறதே என்று ஒதுங்க வேண்டாம். பின்னால் வரும் லாரிக்காரர் உங்கள் வண்டி நிற்பதாக எதிர்பார்ப்பதில்லை. பங்க் கழிப்பறைகளின் நிலை ஊருக்கு ஊர் மாறும். பெண் பிள்ளைகளை நினைத்து, சோப்பு, ஒரு குவளை, தண்ணீர், பழைய செய்தித்தாள் ஆகியவற்றைத் தனிப்பையில் வைத்திருக்கிறேன். சிறியவனுக்கு உட்கார்ந்து போக ஒரு கழிப்புச் சட்டி டிக்கியின் ஓரத்தில் எப்போதும் இருக்கிறது.

டீ குடித்துவிட்டு வரும் ஐந்து நிமிடத்துக்குக்கூட, தூங்குகிற பிள்ளையை மூடிய காரில் விட்டுச் செல்லாதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் உள்ளே பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறிவிடும். ஜன்னலைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. பிள்ளையின் உடல் நம்மைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடாகும்.

வண்டி நின்றுபோனால், நான்கு விளக்குகளையும் மின்னவிட்டு, இடப்பக்கக் கதவு வழியே எல்லோரையும் இறக்கி, சாலையோரத் தடுப்புக்கு அப்பால் நிற்க வைத்துவிட்டு, அதன் பிறகுதான் போனை எடுக்க வேண்டும். நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108, பிற அவசரங்களுக்கு 112.

ஒன்பது ஆறுகள்

"எம்மா, ஊரு வந்துட்டா?" என்ற கேள்வி பிள்ளைகள் கண் விழித்ததுமே தொடங்கிவிடும். கைப்பேசியைக் கொடுத்து அடக்கலாம். அது வயிற்றைப் புரட்டும் என்பதை மேலே சொன்னேன். எங்களுக்குக் கைகொடுத்தது ஆற்றுக் கணக்கு. கிளம்பும் முன்பே மகள் ஒரு நோட்டில் இந்தச் சாலை கடக்கும் ஆறுகளை வரிசையாக எழுதிக்கொள்வாள்: தாமிரபரணி, சிற்றாறு, சாத்தூரில் வைப்பாறு, மதுரையில் வைகை, திருச்சியில் அடுத்தடுத்துக் காவிரியும் கொள்ளிடமும், தொழுதூரில் வெள்ளாறு, விழுப்புரத்துக்கு முன்னால் தென்பெண்ணை, செங்கல்பட்டுக்கு அருகில் பாலாறு. ஒவ்வொரு பாலத்திலும் தண்ணீர் ஓடுகிறதா, தேங்கி நிற்கிறதா, மணல் மட்டும்தானா என்று பார்த்து எதிரே குறித்துக்கொள்ள வேண்டும். வைகையில் எருமை மேய்வதைப் பார்த்துவிட்டு, "இது ஆறா, வயலா?" என்று கேட்டாள். முதல் இரண்டு ஆறுகளையும் இருட்டில் கடந்துவிடுவதால், அவற்றை முதல் நாள் மாலையே போய்ப் பார்த்துவிட்டு வருவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது.

பெரிய பிள்ளைகளுக்கு வண்டி எண்கள் ஒரு விளையாட்டு. நம்முடைய டி.என். 72, தென்காசியின் 76, தூத்துக்குடியின் 69, விருதுநகரின் 67, பெரம்பலூரின் 46, விழுப்புரத்தின் 32, செங்கல்பட்டின் 19 ஆகியவற்றை எழுதிக் கொடுத்துவிட்டால், எந்த ஊர் வண்டி எங்கே எதிர்ப்படுகிறது என்று பிடித்துக்கொண்டு வருவார்கள். நிலமும் பார்க்கத் தகுந்ததே. கோவில்பட்டியின் கரிசல், மேலூர்ப் பக்கத்துப் பாறைக் குன்றுகள், பெரம்பலூரின் மக்காச்சோளக் காடு என்று மண்ணின் நிறமே மாறிக்கொண்டு வரும். நான்கு வயதுக்காரனுக்கு இவை எதுவும் ஒட்டவில்லை. அவனுக்கு ஆச்சி சொல்லும் கதைகளும், லாரிகளை எண்ணுவதும் போதும்.

திரும்பும் வழியில் அவசரம் இல்லையென்றால் கயத்தாற்றில் இறங்குங்கள். 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் அது; நினைவிடம் சாலையை ஒட்டியே இருக்கிறது. கோவில்பட்டியிலிருந்து கிழக்கே சிறிது தூரம் போனால் பாரதி பிறந்த எட்டயபுரம். சென்னைக்குள் நுழையும் நாளில் வண்டலூர் உயிரியல் பூங்காவைச் சேர்க்க நினைப்பவர்கள், செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள்.

மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிளம்புகிறவர்கள் வானிலை மையத்தின் எச்சரிக்கையை முதல் நாளும் அன்று காலையும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்திலும் தூத்துக்குடியிலும் பெய்த மழையில் சாலைகள் துண்டிக்கப்பட்டு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயிலின் பயணிகள் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் அரசூர் அருகே இந்த நெடுஞ்சாலையின் மேலேயே ஓடியது. சிவப்பு எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். திருமண வீட்டார் கோபித்துக்கொண்டால் பிறகு சமாதானப்படுத்திக்கொள்ளலாம். வழியில் மாட்டிக்கொண்டால், சாலையில் ஓடும் நீரின் ஆழம் தெரியாமல் வண்டியை இறக்காதீர்கள்; உயரமான இடத்தில் இருக்கும் பங்க்கிலோ ஊரிலோ நிறுத்திக் காத்திருங்கள். இந்த மாதங்களில் ஒரு நாளைக்கான கூடுதல் உணவும், பால் மாவும், போர்வையும் வண்டியில் இருக்க வேண்டும்.

திரும்பும் பயணத்துக்கு இரண்டு குறிப்புகள். பிள்ளைகள் போகும்போது இருந்த ஆர்வத்தில் பாதிகூடத் திரும்பும்போது இருக்காது. ஆகவே நிறுத்தங்களைக் கூட்டி, திருச்சிக்குப் பதிலாக மதுரையில் உறவினர் வீடு இருந்தால் அங்கே தங்குங்கள். தெற்கு நோக்கி வருவதால் காலை வெயில் இப்போது இடப்பக்கம் அடிக்கும். அதற்காகச் சிறியவனுடைய இருக்கையைக் கழற்றி மாட்ட வேண்டாம்; இறக்குவதற்கு இடப்பக்கமே பாதுகாப்பு என்பதால், துண்டை மட்டும் அந்தக் கண்ணாடிக்கு மாற்றிவிடுங்கள்.